துளசிமணியின் நடையாளிகள்

எங்க வீதியில நடந்ததை வெளியூர்ச் சொந்தக்காரங்ககிட்டச் சொன்னா, முதல்ல என்ற மூஞ்சியைப் பாப்பாங்க, அப்புறம் காப்பியை ஒரு வாய் குடிப்பாங்க, அப்புறம் மெதுவாப் பேச்சை மழைக்குத் திருப்பிடுவாங்க. திருப்பட்டும், எனக்கென்ன. நான் பூவாத்தாள், குறிச்சிமேட்டுல சம்பத்தண்ணன் மோட்டார் பட்டறையில செம்புக் கம்பியைக் காயிலாச் சுத்தறவ, கதை கட்டிச் சொல்ற அளவுக்கு எனக்கு நேரமும் கிடையாது, பொறுமையும் கிடையாது. பக்கத்து வீட்டுத் துளசிமணியோட பிடரியில இருந்து எள்ளுத் தண்டி ஆளுங்க தினமும் பொழுதோட, சாயங்காலமா இறங்கி, கட்டில்காலைப் புடிச்சு, வாசப்படி தாண்டி, வீதியில நடந்து போனாங்க. இதான் சங்கதி, இதுல நம்பறதுக்கும் நம்பாததுக்கும் என்ன இருக்குது.

துளசிமணியும் எங்க பட்டறைக்காரிதான், எனக்கு அடுத்த மேசை. அவ கை ஓடற வேகத்தைப் பாத்து எனக்கே எரிச்சலா இருக்கும், நான் பாதி சுத்தறதுக்குள்ள அவ முடிச்சுட்டு என்ற கம்பியை வேற வாங்கிச் சுத்துவா. கல்யாணமாகி நெம்ப வருசம் கழிச்சுப் பொட்டப்புள்ளை பொறந்துச்சு, நெலாமதின்னு பேர் வெச்சாங்க. புள்ளைக்குத் தலை நிக்கறதுக்கு முன்னாடி இவளுக்கு வயித்தால போச்சு, காய்ச்சல் வந்துச்சு, அது நின்ன பொறகு ஒரு நாள் காலையில எந்திரிக்கறா, பாதம் ரெண்டும் இல்லாத மாதிரி இருக்குதுங்கறா. மத்தியானத்துக்கு முழங்கால், அடுத்த நாளைக்கு இடுப்பு, அப்புறம் கை. புருசன் லோகு டெம்போல தூக்கிப் போட்டுட்டுப் போனான். ஆஸ்பத்திரியில மூச்சுக்கு மிசின் வெச்சு, நரம்புல மருந்தேத்தி, உசுரோட திருப்பிக் கொடுத்தாங்க, அந்த மகராசிங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா கையும் காலும் திரும்பலை.

நரம்பு டாக்டர் ஹேமலதா விளக்கிச் சொன்னாங்க. நரம்பு நல்லாத்தான் இருக்குது, அது மேல சுத்தியிருக்கற உறைதான் போயிருச்சு, கிருமியைக் கொல்லக் கிளம்பின நம்ம ரத்தமே ஆள் தெரியாம அந்த உறையைத் தின்னுட்டுது. அது மறுபடி வளரும். சில பேருக்கு முழுசா வளரும், சில பேருக்குப் பாதியில நின்னுரும், யாருக்கு எப்படின்னு முன்கூட்டிச் சொல்ல முடியாதுன்னாங்க. எங்களுக்கு அது நல்லாப் புரிஞ்சுது. எனாமல் உரிஞ்சுபோன கம்பியை நாங்க பாக்காததா.

நான்தான் புள்ளையைத் தூக்கி அவ மாருல வெச்சுப் புடிச்சுக்குவேன். புள்ளை அவ விரலை இழுக்கும், முடியை இழுக்கும், அவளுக்கு ஒண்ணும் தெரியாது, என்ற மூஞ்சியைப் பாத்துத்தான் புள்ளை என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்குவா. ஒரு நாள் பால் குடிச்ச புள்ளை அழுதுச்சு, நான் தோள்ல போட்டதும் நிறுத்திருச்சு. அவ மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

"நடக்கலைன்னாலும் போகுதுங்க்கா," ன்னா. "என்ற புள்ளையை என்ற கையில எடுக்கோணும். அது என்னைய யாரோ கட்டில்ல படுத்திருக்கற பொம்பளைன்னு நெனைச்சுட்டு இருக்குது."

நான் புள்ளை முதுகைத் தட்டிக் குடுத்தேன். வாயில வந்தது மட்டும், சும்மா கெட அம்மிணி, கண்டதையும் பேசாதேங்கறதுதான். என்ற வாய் அப்படி.

அதுக்கு அடுத்த நாள் பொழுதோடதான் அவங்க வந்தாங்க. நான் அவளுக்குத் தலை சீவிட்டு இருந்தேன். பிடரியில, முதுகெலும்பு ஆரம்பிக்கற எடத்துல, வெளுப்பா என்னமோ நகந்துச்சு. பேனுன்னு நெனைச்சு லோகுவைப் புடிச்சு வஞ்சேன், தலகாணி உறையை மாத்தறதுக்குக் கூடவாடா உனக்குச் சொல்லோணும்ன்னு. அப்புறம் கண்ணாடியைப் போட்டுப் பாத்தா, பேனு இல்லை. கை கால் மூக்கு முழின்னு ஒண்ணும் இல்லாத ஆளு, ஆனா ஆளுதான், ஏன்னா அதுக்கு முன்பக்கம்னு ஒண்ணும் பின்பக்கம்னு ஒண்ணும் தெளிவா இருந்துச்சு. முன்பக்கம் பாவாடை விரிஞ்ச மாதிரி மெல்லிசா விரிஞ்சு, தொட்டுத் தொட்டு வழி பாத்துச்சு, பின்பக்கம் குறுகி அதும்பின்னாடியே வந்துச்சு. ஒண்ணு வந்துச்சு, அதும்பொறகால இன்னொண்ணு, அதும்பொறகால ஒரு கூட்டம், சாரைசாரையா முதுகுல இறங்கி, போர்வையில இறங்கி, தரையில இறங்கி, திக்குக்கு ஒருத்தராப் பிரிஞ்சு வீதிக்குப் போனாங்க.

அவங்க நடக்கறதுல ஒரு வினோதம். ஒருத்தரும் இன்னொருத்தரும் எதேச்சையா முட்டிக்கிட்டா ரெண்டு பேரும் நிப்பாங்க, விரிச்ச பாவாடையைச் சுருக்குவாங்க, முட்டின பக்கத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, ஆளுக்கொரு பக்கமாப் போயிருவாங்க. வரப்புத் தகராறுல பேசாம இருக்கற பங்காளிங்க கல்யாண வீட்டுல எதிர்ல பாத்துக்கிட்டா எப்படியோ அப்படி. ஆனா இதுல பகை இல்லீங்க. அப்படி ஒருத்தர ஒருத்தர் தொட்டுத் தொட்டு விலகினதுலதான் வீதி பூராவும் பரவினாங்க, எந்த மூலையும் விட்டுப்போகலை. பரவி முடிச்சு, இருட்டறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தராத் திரும்பி வந்து, அவ கால்விரல் நுனி வழியாவும் கைவிரல் நுனி வழியாவும் உள்ள போயிட்டாங்க. போன எடத்துல, இத்தனை நாள் கட்டையாக் கெடந்த சுண்டுவிரல்ல, எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க்கான்னா துளசிமணி.

ரெண்டு பொழுதுக்குள்ள வீதிக்கே தெரிஞ்சுபோச்சு. முதல்ல சாயங்காலம் வாசல் கூட்டறது நின்னுது, காலையில மட்டும் கூட்டிக்கலாம்னு பொம்பளைங்க எல்லாம் சேந்து முடிவு பண்ணினாங்க. செருப்பைப் போடறதுக்கு முன்னாடி உதறிப் பாக்கறது பழக்கமாச்சு. வண்டிக்காரங்க முக்குலயே எறங்கித் தள்ளிட்டு வந்தாங்க. எறும்பு தொந்தரவு பண்ணுமேன்னு ரெண்டு ஓரமும் மஞ்சப்பொடி தூவினோம். பொழுது சாயறப்ப பள்ளிவாசல் மைக்குல, கீழ பாத்து நடங்கன்னு அவங்க பங்குக்குச் சொன்னாங்க. இவங்க யாருங்கறதுலதான் ஆளாளுக்கு ஒரு பேச்சு. மாகாளியாத்தா அனுப்பிச்ச படைன்னாங்க, ஆஸ்பத்திரியில ஏத்தின மருந்துதான் உருமாறி வருதுன்னாங்க, டீக்கடையில ஒருத்தர் வடக்க இருந்து வேலைக்கு வந்தவங்கன்னார், அவர் எதுக்கும் அதையேதான் சொல்லுவார். பேர் மட்டும் சண்டையில்லாம அமைஞ்சுது, நடையாளிங்க. எங்க கவுன்சிலர் ஒரு பிளெக்ஸ் வெச்சார், நடையாளிகளை வருக வருகன்னு, அதுல அவர் மூஞ்சி ஆள் உசரத்துக்கு இருந்துச்சு, நடையாளி ஒருத்தர் கூட இல்லை. கேட்டா, போட்டோவுல உழுகலைங்கறார்.

கொசுமருந்து அடிக்கற தம்பி பொகை மிசினோட வந்த அன்னிக்குத்தான் கலவரம். அவனுக்கு என்ன தெரியும் பாவம், அவன் சோலிக்கு வந்தான். வீதிப் பொம்பளைங்க அத்தனை பேரும் முந்தானையை இழுத்துச் சொருகிட்டு முன்னாடி நின்னோம். அவன் எங்களைப் பாத்தான், தரையைப் பாத்தான், அப்புறம் மிசினை நிறுத்திட்டுக் குத்தவெச்சு உக்காந்து பாக்க ஆரம்பிச்சுட்டான். போறப்ப, இந்த வீதியில கொசுவே இல்லைன்னு எழுதிக்கறேங்கன்னு சொல்லிட்டுப் போனான்.

டாக்டர் ஹேமலதா ஒரு நாள் ஸ்கூட்டியில வந்தாங்க. நம்பாம திட்டுவாங்கன்னு நெனைச்சோம். அந்தம்மா வெறுந்தரையில உக்காந்து, ஒரு நடையாளி வாசல்ல இருந்து லைட்டுக் கம்பம் வரைக்கும் போறதைப் பாத்துட்டுக் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. இவங்களை மைக்ராஸ்கோப் கண்ணாடி வழியா மட்டும்தான் பாத்திருக்கேன், இப்படி வெளியில நடந்து பாத்ததில்லைன்னாங்க. அப்புறம் எங்களுக்குச் சொன்னாங்க. தாய் வயித்துல புள்ளை ஒரு பொட்டுத் தண்டி இருக்கறப்ப, மூஞ்சி கூட உருவாகாதப்ப, முதுகுத்தண்டு வர்ற எடத்துல இருந்து இப்படி ஒரு கூட்டம் கிளம்புமாம். போய், சில பேர் தாடை ஆவாங்களாம், சில பேர் தோலுக்கு நெறம் ஆவாங்களாம், சில பேர் கொடலுக்கு அசையச் சொல்லிக் கொடுப்பாங்களாம், சில பேர் நரம்பு கூடவே நடந்து அது மேல உறையாச் சுத்திக்குவாங்களாம். இவங்க அந்த உறை சுத்தற வகை.

எது முன்னாடி எது பின்னாடின்னு யாருங்க சொல்லித் தர்றதுன்னு நான் கேட்டேன். அதுக்குன்னே உள்ள சில புரோட்டீன் இருக்குதுன்னாங்க. தன்ற கூட்டத்து ஆளைத் தொட்டா, தொட்ட பக்கத்துல ஒரு புரோட்டீன் கூடி நின்னு, இந்தப் பக்கம் ஆள் இருக்குது, நீ அந்தப் பக்கம் போன்னு சொல்லுமாம். நரம்பைத் தொட்டா, அதே புரோட்டீன் அந்தப் பக்கத்துல கூடி நின்னு, வந்துட்டே, இங்கயே இருந்து சுத்துன்னு சொல்லுமாம். ஒரே புரோட்டீன், போகவும் சொல்லுது, இருக்கவும் சொல்லுது.

அன்னிக்கு வீட்டுக்கு வந்து சோறு போட்டுக்கிட்டு உக்காந்தேன். நான் உண்டாயிருக்கேன்னு என்ற ஆத்தாளுக்கே தெரியாதப்ப, வெளிச்சமில்லாத எடத்துல, வழி சொல்ல ஆளில்லாம, எனக்காக இத்தனை பேர் நடந்திருக்காங்க. ஒருத்தர் வழி தப்பிப் போயிருந்தா எனக்குத் தாடை இல்லை, இந்த வாய் இல்லை. அவங்களுக்கு நான் இத்தனை வருசத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டைத் தள்ளி வெச்சுட்டுப் பிடரியில கையை வெச்சு, நல்லாயிருப்பீங்க சாமிகளான்னு சொன்னேன். வெக்கமா இருந்துச்சு, ஆனா சொன்னேன்.

நாள் போகப் போக துளசிமணிக்கு எடது கால்விரல் எல்லாம் ஆடுச்சு, வலது கையில ஆள்காட்டி விரல் அசைஞ்சுது. இங்கதான் எங்க பட்டறைப் புத்தி வேலை செஞ்சுது. மோட்டார்ல ஒவ்வொரு காயிலுக்கும் தலைன்னு ஒரு முனை, வாலுன்னு ஒரு முனை. எல்லாத் தலையும் ஒரே பக்கம் பாக்கோணும், தலைக்குச் செவப்பு நூல் கட்டுவோம், ஒண்ணே ஒண்ணு திரும்பி உக்காந்தாலும் மோட்டார் சுத்தாம உறுமும், உறுமி எரிஞ்சுபோகும். எங்களுக்கு இது ரத்தத்துல ஊறினது. சம்பத்தண்ணன் தினமும் வந்து நடையாளிங்களைப் பாத்துப் பாத்துப் பொறுமை போயிட்டார். திக்குக்கு ஒருத்தர் ஊர் சுத்திட்டு வந்தா எந்தக் காலத்துல வேலை முடியறது, பிடரியில இருந்து கைக்கு நேரா வழி போட்டுக் கொடுத்தா இன்னும் வெரசாப் போவாங்கல்லன்னார். நாங்களும் சரின்னோம், நான்தான் முதல் ஆளாச் சரின்னேன். காயில் கட்டற வெள்ளை நாடாவைப் பிடரியில இருந்து விரல் வரைக்கும், பிடரியில இருந்து பாதம் வரைக்கும் ஒட்டினோம். பட்டறையில புது பிரஷ் எடுத்து, இறங்கறவங்களை ஒவ்வொருத்தரா அலுங்காமத் திருப்பி, எல்லாத் தலையும் ஒரே பக்கம் பாக்க நாடா மேல வரிசையா நிறுத்தினோம். பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. வீதியே வந்து பாத்துட்டுப் போச்சு.

அவங்க நகரவே இல்லை. முன்னாடி ஒருத்தர் முட்டுது, பின்னாடி ஒருத்தர் முட்டுது, ரெண்டு பக்கமும் ஆள் இருந்தா எந்தப் பக்கம்தான் திரும்புவாங்க. கொஞ்சங்கொஞ்சமாப் பாவாடையைச் சுருக்கினாங்க, முன்னும் இல்லாம பின்னும் இல்லாம உருண்டு போயி, நெசமாவே எள்ளு மாதிரி கெடந்தாங்க. கூச்சமா இருக்கும், பழகட்டும்னு நாங்க காத்திருந்தோம். மறுநா துளசிமணிக்குக் கால்விரல் நின்னுபோச்சு. அதுக்கடுத்த நா ஆள்காட்டி விரலும் போச்சு. அடுத்த நாள் காலையில மூச்சு வாங்குதுன்னா. லோகு டெம்போவை வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டு, ஸ்டீரிங்குல தலையை வெச்சு அழுகறான். டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினா, கொண்டு வாங்க, படுக்கை தயாரா இருக்கும், ஆனா நீங்க என்ன பண்ணினீங்கன்னு முதல்ல சொல்லுங்கன்னாங்க. சொன்னோம். நடையாளிங்க அத்தனை பேரும் வெளிய கெடக்கறப்ப அவளை மட்டும் எப்படிக் கொண்டு போறதுன்னு டெம்போவுக்கும் கட்டிலுக்கும் நடந்தோம்.

துளசிமணிதான் பேசினா. மூச்சுக்கு மூச்சு நிறுத்தித்தான் பேசினா.

"அண்ணா, நான் மோட்டார் இல்லீங்க. காயிலுக்கு நாம தலை வெக்கறோம். இவங்க ஒருத்தரை ஒருத்தர் தொட்டுத்தான் தலை எது வால் எதுன்னு கண்டுபுடிக்கறாங்க. தொட்டுட்டு விலகறதுக்கு எடம் வேணுங்கண்ணா. எடத்தைக் குடுங்க. புள்ளையை எடுக்காமப் போயிருவனாட்டத் தெரியுது."

சம்பத்தண்ணன் எந்திரிச்சுப் போயி அவசர ஆர்டர் ஓடிட்டு இருந்த பட்டறையில மெயினை நிறுத்தினார், தரை அதிரக்கூடாதுன்னு. அவர் நிறுத்தினதைப் பாத்துட்டு எதிர்ப்பட்டறை நின்னுது, மாவு மில்லு நின்னுது, வெல்டிங்கடை நின்னுது. அந்த வீதி அவ்வளவு அமைதியாயி நான் கண்டதில்லை. நாடாவை அலுங்காம எடுத்தோம். வீட்டுக்கொரு எலையில கொஞ்சம் பேரை ஏந்திட்டுப் போயி, அவங்கவங்க வாசல்ல ரெண்டு ரெண்டு பேரா, ஒரு பக்கம் மட்டும் தொடற மாதிரி வெச்சோம். வெச்சுட்டுக் கையை எடுத்துக்கோணும், அதுதான் கஷ்டமா இருந்துச்சு. வயசானவங்க, பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க, கவுன்சிலர் உட்பட எல்லாரும் வீதியில குப்புறப் படுத்துக் கெடந்தோம். மூச்சுக் காத்து அடிச்சு உருண்டுறப் போறாங்கன்னு வாயை முந்தானையில பொத்திக்கிட்டோம்.

நெம்ப நேரம் ஒண்ணுமில்லை. அப்புறம் என்ற வாசல்ல ஒருத்தர், தொட்டுக்கிட்டு இருந்த பக்கத்தை லேசா உள்ள இழுத்தார். அதுக்கு எதிர்ப்பக்கம், யாரும் இல்லாத பக்கம், மெல்லிசா ஒரு விளிம்பு விரிஞ்சுது. விரிஞ்சு, தரையைத் தொட்டுது. நடந்தார். கூட இருந்தவர் எதிர்த்திசையில நடந்தார். போங்க சாமி, போங்கன்னு நான் முந்தானைக்குள்ளயே சொல்றேன், அடுத்த வாசல்லயும் அதே குரல் கேக்குது, அதுக்கடுத்த வாசல்லயும் கேக்குது.

சம்பத்தண்ணனுக்குச் சக்கரை. செருப்புக் கழண்டு போனாக்கூடத் தெரியாத பாதம் அவருக்கு. அவர் வாசல்ல இருந்த நடையாளி ஒருத்தர் திரும்பி வந்து, எந்திரிச்சு உக்காந்திருந்த அண்ணனோட கால் கட்டைவிரல் மேல ஏறி, விளிம்பை விரிச்சுத் தடவிப் பாத்தார். நாங்க பாத்துட்டுத்தான் இருந்தோம். அண்ணனும் பாத்துட்டு இருந்தார். அப்படியே விட்டிருந்தா அந்த நடையாளி அண்ணனுக்குள்ள போயிருப்பாரோ என்னமோ, யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம். அண்ணன் ஒரு வேப்பெலையை விரல்கிட்ட வெச்சார். நடையாளி எலைக்கு மாறினதும், துளசிமணி வீட்டுப் பக்கமாத் தரையில எறக்கிவிட்டுட்டு, அந்தப் பொண்ணு காத்துட்டு இருக்குதுன்னார்.

பொழுது எறங்கறதுக்குள்ள அத்தனை பேரும் வந்து சேந்து, விரல் நுனி வழியா உள்ள போயிட்டாங்க. டெம்போ வாசல்லயே நின்னுது, அதுக்கு வேலை வரலை, மூச்சு சீராயிருச்சு. அதுக்கப்புறம் யாரும் எதையும் திருப்பலை. நாளுக்கு நாள் வெளிய வர்றவங்க கொறைஞ்சாங்க. நரம்பைத் தொட்டவங்க உள்ளயே தங்கிட்டாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாங்க இன்சுலேசன் பேப்பர் சுத்தற மாதிரியாங்கன்னு கேட்டேன், அதைவிட நெருக்கமா, நெருக்கமா, இடுக்கே இல்லாமன்னாங்க. ஒரு சாயங்காலம் யாருமே வரலை. வழக்கம்போல வண்டியெல்லாம் முக்குலயே நின்னுது, நாங்க வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தோம். அவங்க வேலை முடிஞ்சுதுன்னு சந்தோசப்படோணும், பட்டோம், ஆனா வீதி வெறிச்சுன்னு இருந்துச்சுங்க. இருட்டினதும் பொம்பளைங்க எல்லாம் கையெடுத்துக் கும்புட்டுட்டு உள்ள போனோம். யாரும் கும்புடச் சொல்லலை.

கை வர்றதுக்கு இன்னும் நாளாச்சு. விரல் மடங்குச்சு, மணிக்கட்டு எந்திரிச்சுது, டம்ளர் தூக்கினா, போட்டு ஒடைச்சா, மறுபடி தூக்கினா. புள்ளையை மட்டும் எடுக்கப் பயந்தா, நழுவிருமோன்னு. நான் திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், கேக்கலை.

ஒரு நா பட்டறைக்குப் போறதுக்கு முன்னாடி எட்டிப் பாக்கறேன். கட்டில்ல சாஞ்சு உக்காந்திருக்கா, மடியில நெலாமதி, சுத்தி எந்தத் தலகாணியும் இல்லை, அவ கை மட்டும்தான் புள்ளையைப் புடிச்சிருக்குது. அவ ஆள்காட்டி விரல் புள்ளை வாயில. அவ கண்ணுல தண்ணி அது பாட்டுக்கு ஊத்துது. என்னமோ ஆயிப்போச்சுன்னு பதறி ஓடினேன். புள்ளைக்குக் கீழ் ஈறுல வெள்ளையா ஒரு பல்லு மொளைச்சிருக்குது, முதல் பல்லு, அதை வெச்சு ஆத்தா விரலைக் கடிச்சுட்டு இருக்குது. பல்லும் தாய் வயித்துல கிளம்பற அந்தக் கூட்டத்துல நடந்து வந்தவங்க செய்யறதுதான்னு டாக்டரம்மா அன்னிக்குச் சாயங்காலம் போன்ல சொன்னாங்க, புள்ளைக்குள்ள நடந்தவங்களும் ஆத்தாளுக்குள்ள நடந்தவங்களும் இன்னிக்குத்தான் சந்திச்சிருக்காங்கன்னாங்க. அது எனக்கு அப்பத் தெரியாது. நான் விரலை வெடுக்குனு இழுத்துவிடப் போனேன்.

"வலிக்குதுங்க்கா," ன்னா துளசிமணி, சிரிச்சுக்கிட்டே. "விடுங்க, இன்னொருக்காக் கடிக்கட்டும்."